யார் யார் எந்தப் பக்கம்?

முடியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது என்று நம்புகிறவள் பெரிய டீச்சர்.

போன வாரம் புதுப் பள்ளிக்கூடத்து நிர்வாகி ஒரு கூடைப் பழத்தோடு வீடு தேடி வந்தார். பெரிய சாலையில் கண்ணாடிச் சுவரும் லிஃப்ட்டுமாக எழும்பியிருக்கிறதே, அந்தக் கட்டடத்தின் மழலையர் பிரிவுக்கு அவளும் அவள் தங்கையும், வீட்டிலேயே தாங்கள் நடத்தும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளோடு அப்படியே வந்துவிட வேண்டும் என்றார். மூன்று வயசுப் பிள்ளையை மேசையில் உட்கார வைத்து, அச்சடித்த தாளில் வட்டம் போடச் சொல்கிற இடத்துக்குத் தன்னால் வர முடியாது என்று பெரிய டீச்சர் சொன்னாள். பழக்கூடையையும் கையோடு திருப்பிக் கொடுத்தாள்.

தங்கை பக்கத்தில் நின்று தலையாட்டினாள். கணவர் கேட் வரை போய் விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வந்தார். வழியனுப்ப அவர் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் தங்கை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, பல்லு உயிர் போகுது. டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன். ஒரு வேளை நீ தனியா சமாளிச்சுக்குவியா?"

"போயிட்டு வா. இதுங்க என்ன, என்னைத் தின்னுடவா போகுதுங்க?"

கணவர், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை உறும விட்டார். தங்கை முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் மகள் வாலு மட்டும் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நின்று, "அம்மாவுக்குப் பல்லு வலி" என்று அறிவித்தாள். அறிவித்துவிட்டு, ஏனோ களுக்கென்று சிரித்தாள்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பிள்ளைகளுக்கு. நீளமான கூடம், வெயில் படும் ஜன்னல், தரையில் பாய். பொம்மை என்று கடையில் வாங்கியது அங்கே குறைவு. பாட்டில் மூடிகள், பொத்தான்கள், கரண்டிகள், ஜோடி தொலைந்த காலுறைகள், சாவிகள். இவற்றைக் கொட்டிக் கலந்து, பிள்ளைகளையே பிரித்து அடுக்கச் சொல்வதுதான் பெரிய டீச்சரின் காலைப் பாடம்.

பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. சின்னப் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது நிறம். சிவப்பெல்லாம் ஒரு பக்கம், நீலமெல்லாம் ஒரு பக்கம். அப்புறம் பெரிசு, சிறிசு. அதற்கப்புறம்தான் 'இது எதுக்கு உதவும்' என்ற யோசனை வரும். நிறம் பார்த்து அடுக்கியதைக் கலைத்துவிட்டு, அதே சாமானை வேறொரு விதமாக அடுக்கச் சொன்னால் பிள்ளை திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பைத் தாண்டுகிற நாளில் பெரிய டீச்சர் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவாள்.

இன்றைக்குத் தட்டில் பந்து, ரொட்டித் துண்டு, கரண்டி, ஆரஞ்சுப் பழம் எல்லாம் கலந்து கிடந்தன. எந்நேரமும் கையில் ஏதாவது கடித்துக்கொண்டிருப்பதால் பிஸ்கட் என்று பேர் வாங்கிய சிறுமி, ஆரஞ்சை எடுத்துப் பந்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தப்பு டீச்சர்! அது சாப்பிடறது!" என்று ஒருவன் பாய்ந்தான்.

"தப்புன்னு நாம சொல்ல மாட்டோமே. பிஸ்கட், ஏன் அதை அங்க வெச்சே?"

"ரெண்டும் உருளுது."

"அட, ஆமா. நீ எங்க வைக்கணும்ங்கறே?"

"ரொட்டி கூட. ரெண்டும் வாய்க்குள்ள போறது."

"அதுவும் சரிதானே. இப்ப இந்த ஆரஞ்சு எங்க போறது?"

கூடமே யோசித்தது. கேள்வி கேட்டே ஆளைக் களைக்க வைப்பதால் எல்லோரும் 'ஏன் சார்' என்று கூப்பிடும் பொடியன் கையைத் தூக்கினான். "ஏன் ஒரே எடத்துல இருக்கணும்?"

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்படிக் கேளுடா ராஜா" என்று அவன் கன்னத்தை வழித்தாள். நிர்வாகியின் அச்சடித்த தாளில் இந்தக் கேள்விக்கு இடம் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது. அது நிறைந்திருந்த கடைசி நிமிஷம் அதுதான்.

"ரகசிய ஆட்டம்! ரகசிய ஆட்டம்!" என்று பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள்.

ஒருவர் சாமான்களைத் தன் இஷ்டப்படி இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். எதை வைத்துப் பிரித்தேன் என்று வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம். இன்றைக்கு வாலுவின் முறை.

வாலுவுக்குப் பொத்தானும் மூடியும் போதவில்லை. பை மாட்டும் ஆணிகளுக்கு மேலே, ஒவ்வொரு பிள்ளையின் படமும் அட்டையில் ஒட்டித் தொங்கும். பெரியவர்களின் படங்களும் அங்கேயே உண்டு. பெரிய டீச்சர், அவள் தங்கையான சின்ன டீச்சர், வேன் ஓட்டுவதால் வேன் மாமாவான கணவர். நாற்காலி போட்டு ஏறி எல்லா அட்டைகளையும் கழற்றி எடுத்து வந்தாள். பாயில் மண்டியிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

ஒரு பக்கம் நீளமாக வளர்ந்தது. இன்னொரு பக்கம் இரண்டே படம். பெரிய டீச்சர், ஏன் சார்.

"கண்டுபிடி பெரியம்மா."

"கண்ணாடி போட்டவங்க இந்தப் பக்கமா?"

"இல்லையே! ஏன் சார் கண்ணாடி போடலையே!"

ஆமாம். கண்ணாடி போட்ட சிறுமி ஒருத்தி அந்தப் பக்கத்தில் வேறு இருந்தாள்.

"சரி. பெரியவங்களும் சின்னவங்களுமா?"

அதுவும் இல்லை. சின்ன டீச்சரும் வேன் மாமாவும் அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பையன், பெண்ணா? இல்லை. வேனில் வருகிறவர்கள், நடந்து வருகிறவர்களா? ஏன் சார் வேனில் வருகிறவன். பெரிய டீச்சர் தாடையில் கை வைத்து நிஜமாகவே யோசித்தாள். குழந்தையிடம் தோற்பதில் அவளுக்கு அலாதி சந்தோஷம்.

"தோத்துட்டேன் போ. நீயே சொல்லு."

வாலு நீளமான பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். "இவங்கல்லாம் லிஃப்ட் ஸ்கூலுக்குப் போறவங்க." பிறகு இரண்டு படங்களின் மேல் இரண்டு விரலை வைத்தாள். "இவங்க போகாதவங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"யாரு சொன்னா கண்ணு?"

"அம்மா போன்ல பேர் சொல்லிச் சொல்லிப் பேசினா. நானும் போய்ப் பாத்தேனே. பெரியப்பா வேன்ல போனோம். அங்க லிஃப்ட்ல பொத்தான் அமுக்கினா வெளிச்சம் வருது." சட்டென்று வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக, "சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "அடுக்கக் கூடாதுன்னு சொல்லல."

பெரிய டீச்சர் வேன் மாமாவின் படத்தைப் பார்த்தாள். அதை எடுத்தவள் அவள்தான். வேனுக்கு வெளியே சாய்ந்து நின்று, "போதும்டீ, எவ்வளவு நேரம்" என்று அவர் சலித்துக்கொண்ட நொடியில் விழுந்த படம். பிள்ளைகள் போகட்டும். தங்கை போகட்டும். இந்த ஆள் எப்படி அந்தப் பக்கம் போனார்?

"பெரியம்மா, நான் சரியா அடுக்கினேனா?"

"ரொம்பச் சரியா அடுக்கியிருக்கே" என்றாள். குரல் பிசிறவில்லை. பிள்ளைகள் முன்னால் அவள் குரல் என்றைக்கும் பிசிறியதில்லை.

அட்டைகளை அவள் திரும்ப மாட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கைகழுவ அழைத்துப் போனாள். பாட்டு சொன்னாள். ஒருத்திக்குப் பின்னல் அவிழ்ந்திருந்தது, போட்டுவிட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் நிச்சயமில்லை, குழந்தை பேச்சு, குழந்தை எதையோ எதோடோ சேர்த்துக்கொண்டிருக்கும்.

மதியம் பிஸ்கட்டை அழைத்துப் போக அவள் அம்மா வந்தாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்க, எப்போதும் பறந்துகொண்டே பேசுகிறவள், இன்றைக்கு, பையிலிருந்து ஏதோ அழைப்பு எட்டிப் பார்க்க, நின்று நிதானமாகப் பெரிய டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பைப் பாத்துக்கங்க டீச்சர்."

"எனக்கென்ன உடம்புக்கு?"

தையல்காரம்மாவின் கண் கலங்கியது. "ஒண்ணுமில்ல டீச்சர். டாக்டர் சொன்னபடி மாத்திரை மட்டும் விடாம சாப்பிடுங்க."

"எந்த டாக்டர்? நான் எந்த டாக்டரையும் பார்க்கலையே?"

தையல்காரம்மா அந்தக் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள், பாஷை தெரியாதவரிடம் பேசுவது போல. "பரவாயில்ல டீச்சர். ஞாபகம் வரலைன்னா விட்டுடுங்க. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். பிள்ளைங்களோட பாதுகாப்புக்காகத்தான் நாங்களும்... தப்பா நினைச்சுக்காதீங்க. என் பொண்ணு முதல்முதல்ல பேசினதே உங்ககிட்டத்தான். அதை நான் மறக்க மாட்டேன்."

'எனக்கு மறதி கிடையாது' என்று சொல்ல வாயெடுத்தாள் பெரிய டீச்சர். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். மறதி வந்தவளும் அதைத்தான் சொல்வாள். எதைச் சொன்னாலும் அந்த அம்மாள் இன்னொரு சொட்டுக் கண்ணீர் விடப் போகிறாள், அவ்வளவுதான்.

"போயிட்டு வாங்கம்மா" என்றாள்.

கணவர் வந்து வேனில் பிள்ளைகளை ஏற்றினார். "மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "வெயில்" என்றாள். வாலுவுக்குச் சோறு ஊட்டி, மாடியில் தூங்க வைத்துவிட்டு வந்தாள். பிறகு கூடத்தில், அந்தப் படங்களுக்கு எதிரே, பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்து காத்திருந்தாள்.

வேன் திரும்பி வந்தது. முன் சீட்டிலிருந்து தங்கை இறங்கினாள். கை கன்னத்தில் இருந்தது.

"பல்லு எப்படி இருக்கு?"

"மருந்து வெச்சிருக்காங்கக்கா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"காலையில இடது கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போனே. இப்ப வலது கன்னத்துல கை இருக்கு. வலி லிஃப்ட்ல ஏறி அந்தப் பக்கம் போயிடுச்சா?"

தங்கையின் கை தானாகக் கீழே இறங்கியது. அப்போதுதான் பாயைப் பார்த்தாள். நீளமான வரிசையும், அதற்கு எதிரே இரண்டு படங்களும்.

"உன் பொண்ணு அடுக்கினது. அவளை ஒரு வார்த்தை சொன்னே, அப்புறம் இருக்கு உனக்கு."

பின்னால் வந்த கணவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அக்கா, நானே சொல்லணும்னுதான்..."

"எப்ப? திங்கட்கிழமை காலையில நான் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஏன் சாரோட உக்காந்து வேன் வருதா வேன் வருதான்னு பார்த்துக்கிட்டு இருப்பேனே, அப்பவா? அந்தப் பையனை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அவங்கப்பா வாயில எந்த ரகசியமும் நிக்காது. நேரா உன்கிட்ட வந்து கேட்டுடுவார்" என்று தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஓ. அவ்வளவு யோசனை பண்ணியிருக்கீங்க."

தங்கை நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது. குரலில் இல்லை.

"ஆமா, யோசனை பண்ணினேன். நீதான் பண்ணல. அந்த நிர்வாகி வர்றதுக்கு முன்னாடியே உன்கிட்ட பேச வந்தேன்ல? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள முடியாதுன்னுட்டே. என்னைக்காவது 'உனக்கு என்ன தோணுது'ன்னு கேட்டிருக்கியா? பிள்ளைங்ககிட்ட ஒவ்வொண்ணுக்கும் 'ஏன் இங்க வெச்சே'ன்னு கேக்கறே. என்கிட்ட கேட்டதே இல்ல. ரகசிய ஆட்டம் நான் யோசிச்சது. ஊரெல்லாம் 'பெரிய டீச்சரோட ஆட்டம்'னுதான் சொல்லுது. அங்க என்னைத் தலைமை டீச்சரா போடறேன்னாங்க. அச்சடிச்ச தாள் கிடையாது, இதே மூடி, இதே பொத்தான்னு எழுதி வாங்கியிருக்கேன். கடைசி வரைக்கும் நான் சின்ன டீச்சராவே சாகணுமாக்கா?"

பெரிய டீச்சருக்கு அந்தக் கேள்வி எங்கேயோ தைத்தது. ரகசிய ஆட்டத்தைப் பற்றி யாராவது புகழ்ந்தபோது, 'அது என் தங்கை யோசனை' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்ன மாதிரிதான் அவளுக்கு நினைவு. நிஜமாகவே சொன்னாளா?

"நீ போறேன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்" என்றாள் மெதுவாக. "பேசாம இருந்திருப்பேன் கொஞ்ச நாள். அப்புறம் உன் புது கிளாஸுக்கு நானே பொத்தான் பொறுக்கிக் கொடுத்திருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பல்லு வலின்னு சொல்லிட்டுப் போனே பாரு."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அது உனக்கும் எனக்கும். மறதின்னு ஊர்ல சொன்னது யாரு?"

தங்கை அத்தானைப் பார்த்தாள். பார்த்ததே பதிலாக இருந்தது.

"என்ன பண்ணச் சொல்றே?" என்று கணவர் உள்ளே வந்தார். "பெத்தவங்க யாரும் நகர மாட்டேன்னாங்க. 'பெரிய டீச்சர் வராங்களா?'ன்னு அதையே கேட்டாங்க. சும்மா வரலைன்னா விடுவாங்களா? ஒரு காரணம் வேணும்ல. களைச்சுப் போயிட்டான்னுதான் ஆரம்பிச்சேன். அவங்களே மறதியான்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"நீ மறக்கறதே இல்லையா? போன மாசம் அடுப்பை அணைக்காம விட்டே."

"நீங்க டீ போட்ட அடுப்பு அது."

அவர் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்த வேன் எவ்வளவு நாள் ஓடும்னு நினைக்கறே? அங்க போனா புதுசு தராங்க. ராத்திரி நிம்மதியா தூங்குவேன். இதெல்லாம் உன்கிட்ட உக்காந்து பேச முடியுமா? பேசினா ஒரு முடிவோட எழுந்து போயிடுவே."

இந்த மனிதரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். காய்ச்சலில் அவர் பிதற்றியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். ஊரில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, தன் பெண்டாட்டிக்குப் புத்தி தப்புகிறது என்று சொல்லிவிட்டு, அதே வாயால் 'மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு' என்று கேட்க இவரால் முடிந்திருக்கிறது.

"நீ என்ன சொன்னே?" என்று தங்கையிடம் திரும்பினாள். "அவர் மறதின்னப்போ நீ என்ன சொன்னே?"

"நான் சொல்லலக்கா." தங்கை பாயில் கிடந்த தன் படத்தைப் பார்த்தாள். "இல்லைன்னும் சொல்லல."

பெரிய டீச்சர் எழுந்தாள். குட்டை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள். கணவர் கை நீட்டினார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

சமையலறைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள். கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் வெளியே போகாமல், உடம்பு குலுங்க அழுதாள். பிறகு மறுபடியும் முகம் கழுவினாள். வெளியே வந்தபோது இருவரும் விட்ட இடத்திலேயே நின்றார்கள்.

"நாளைக்குப் புதுப் பள்ளிக்கூடத்துல பெத்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டறாங்களாமே. தையல்காரம்மா பையில அழைப்பு எட்டிப் பார்த்துச்சு."

தங்கை தலையசைத்தாள். "ஆமா."

"எல்லாரும் வருவாங்களா?"

"வருவாங்க. நான் பிள்ளைங்களை வெச்சு ஆட்டம் நடத்திக் காட்டணும்." பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "அக்கா, நீ... நீ அங்க வர வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடும்."

"யாருக்கு?"

கணவர் குறுக்கே வந்தார். "உன்னை யாரு அங்க கூப்பிட்டா? உள்ளயே விட மாட்டாங்க. போய் நின்னா என்னன்னு சொல்லுவே?"

பெரிய டீச்சர் ஆணியில் தொங்கிய தன் குடையை எடுத்தாள். காலையில் போகும்போது வெயில் இருக்கும். இப்போதே எடுத்து வாசல் பக்கம் சாய்த்து வைத்தாள். சாய்த்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் நீங்க முன்னாடியே சொல்லி வெச்சிருக்கீங்களே. வழி மறந்து வந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க."